மலைக்கும் ஒரு சுமைதாங்கி வேண்டும்!

(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



"பணம் இருக்கறவன் பொழுது போகாம மலை ஏறுறான். நமக்கு எதுக்குப்பா அதெல்லாம்?" நம் ஹாஸ்டலில் மலைப்பயணம் என்று பேச்செடுத்தாலே வருகிற முதல் பதில் இதுதான். இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. பல நாள் மலைநடை பணக்காரர்களின் தனிச்சொத்து இல்லை. ராத்திரி தங்க ஒரு கூரையும், கையில் ஒரு நல்ல திட்டமும் இருந்தால் நம்மைப் போன்ற டிப்ளமா மாணவர்களும் போகலாம், போக வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் நடை என்றால் அது வேலை. அம்மாயி கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து புளிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தவர். அப்பா கொத்தனார். நான் இமயமலைக்கு நடக்கப் போகிறேன் என்றதும், "நடக்கறதுக்குப் போயி யாராச்சும் காசு குடுப்பாங்களா கண்ணு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தலையில் சுமை இருந்தால் கண் தரையைத்தான் பார்க்கும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவருக்காக நடந்த கால்கள், ஒரே ஒரு வாரம் தன் ஆசைக்காக நடக்கக் கூடாதா?

சுமை என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாகப் பல ஊர்களில் அதை வைத்தார்கள். வழிநெடுகச் சத்திரம் கட்டியவர்களும் நம் முன்னோர்தான். ஆக, நடக்கிறவனுக்கு வழியில் ஆதரவு வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் இல்லை.

மலையில் அந்தச் சத்திரத்துக்குப் பெயர் குடில். ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒரு குடில். அங்கே படுக்கை, கம்பளி, சூடான சாப்பாடு. மறுநாள் அடுத்த குடில். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைச் சங்கம் 1863-ல் தொடங்கியது. அதே ஆண்டிலேயே தன் முதல் குடிலைக் கட்டிவிட்டது. இன்று அந்தச் சங்கத்துக்கு 150-க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு மோன் பிளாங்க் மலையைச் சுற்றும் சுமார் 170 கிலோமீட்டர் பாதையை, கூடாரம் தூக்காமலேயே குடில் குடிலாகத் தங்கி முடித்துவிடுகிறார்கள்.

'அது வெளிநாடு' என்று தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டிலேயே உத்தராகண்ட் மாநிலம் பாகேஸ்வர் மாவட்டத்தில் பிண்டாரி பனியாற்றுப் பாதை இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலேயே பொதுப்பணித்துறை வழிநெடுக பங்களாக்கள் கட்டிய பாதை அது. பிறகு குமாவோன் மண்டல விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனமும் தங்கும் விடுதிகள் அமைத்தது. லோஹார்கேத், தாகுரி, காத்தி, துவாலி, புர்கியா... மாலை கோத்தது போலத் தங்குமிடங்கள். சென்ற மே மாதக் கடைசியில் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் அங்கே போய்வந்தோம். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

முதலில் திட்டம். "திட்டம் போட்டால் த்ரில் போயிடும்" என்கிறான் என் அறைத்தோழன். பணம் இருக்கிறவன் அப்படிச் சொல்லலாம். ரயிலை விட்டால் அவனுக்கு விமானம். அறை கிடைக்காவிட்டால் பெரிய ஓட்டல். நமக்கு அப்படி மாற்று வழி ஏது? நம்முடைய மாற்று வழி திட்டம் ஒன்றுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி மலைக்கும் பொருந்தும்.

பருவம்: அந்தப் பள்ளத்தாக்குக்கு நல்ல காலம் இரண்டு. மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை ஒன்று. மழைக்குப் பிறகு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இன்னொன்று. இடையில் மழைக்காலம், மண்சரிவு. அக்டோபரில் நமக்குப் பரீட்சை நெருங்கிவிடும் என்பதால் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

தூரமும் நேரமும்: லோஹார்கேத்திலிருந்து தாகுரி 11 கிலோமீட்டர், தாகுரியிலிருந்து காத்தி 8, காத்தியிலிருந்து துவாலி 11, துவாலியிலிருந்து புர்கியா 5, புர்கியாவிலிருந்து பனியாற்றைப் பார்க்கும் ஜீரோ பாயின்ட் 7. மொத்தம் போக 42, வர 42. சமதரைக் கணக்கை மலையில் போட்டால் ஏமாந்துவிடுவோம். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய விதி சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டு. முதல் நாள் 11 கிலோமீட்டருக்கு இரண்டே கால் மணி. சுமார் 1,150 மீட்டர் ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி. முதுகில் பை, இடையில் ஓய்வு என்று பாதியைக் கூட்டினோம். ஆறு மணிக்கும் மேல் வந்தது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் மதிய மேகம் கூடுவதற்குள் கணவாயைத் தாண்டலாம். சர்வே வகுப்பில் கான்டூர் கோடு போடும்போது "இது எதுக்குடா?" என்று அலுத்துக்கொள்வோமே, அந்தக் கோடுகள் நெருங்கினால் தொடை வலிக்கும் என்பது எனக்குத் தாகுரி ஏற்றத்தில்தான் புரிந்தது!

உயரம்: நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். துவாலி கிட்டத்தட்ட அதே உயரம். ஜீரோ பாயின்ட் சுமார் 3,660 மீட்டர். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது பொது விதி. இல்லாவிட்டால் தலைவலி, வாந்தி. முற்றினால் உயிருக்கே ஆபத்து. இப்போது கர்கியா வரை ஜீப் போகிறது. முதல் நாள் ஏற்றத்தைத் தவிர்த்துவிடலாம். உடம்பு மெதுவாகப் பழகட்டும் என்று நாங்கள் லோஹார்கேத்திலிருந்தே நடந்தோம்.

எடை: கூடாரம், பாய், தூக்கப்பை, அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் தூக்கினால் ஆளுக்கு 17, 18 கிலோ வரும். குடில் இருந்ததால் எங்கள் பை 8 கிலோவைத் தாண்டவில்லை. மாற்றுத்துணி ஒன்று, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச், மருந்து, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் கடலைமிட்டாய். மிச்சம் பத்து கிலோவையும் குடில் சுமந்தது. சுமைதாங்கி என்று நான் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

பணம்: ஆளுக்கு 9,500 ரூபாய் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி ஒரு வருஷம் சேர்த்தது. சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து காத்கோதாம், எல்லாம் ஸ்லீப்பர் வகுப்பு. அங்கிருந்து அல்மோரா வழியாக ஷேர் ஜீப்.

கடைசியாக, கையிருப்பு நாள்: ஏழு நாள் நடை என்றால் எட்டு நாள் வைக்க வேண்டும். துவாலியில் ஒரு நாள் முழுக்க மழை. மற்ற அணிகளில் சிலர் ரயிலுக்கு நேரமாகிறது என்று அங்கிருந்தே திரும்பினார்கள். நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சீட்டாடினோம். மழையில் நனையாமல் மழையை வேடிக்கை பார்ப்பது எவ்வளவு பெரிய சொகுசு என்று அன்றுதான் தெரிந்தது. திட்டம் சந்தோஷத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு அந்த ஒரு நாளே பதில்.

சரி, அனுபவித்தது என்ன? தாகுரிக் கணவாயில் ஏறி நின்றதும் எதிரே பனிமலை வரிசை. அதுவரை கடி ஜோக் அடித்துக்கொண்டு வந்த ஆள்கூட வாயை மூடிக்கொண்டான். காத்திதான் பாதையில் கடைசிக் கிராமம். படிப்படியான வயல்கள், கல்லில் கட்டிய வீடுகள், கூரைக்கும் பலகைக் கல். சிமென்ட் பூச்சே இல்லாமல் கல்லும் மரமும் எப்படி நிற்கின்றன என்று அரை மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் காடு, பக்கத்திலேயே பிண்டார் ஆறு. துவாலியில் கஃப்னி ஆறு வந்து அதோடு சேர்கிறது. ராத்திரி முழுக்க இரண்டு ஆறும் பேசிக்கொண்டே இருக்கும். புர்கியாவில் சாப்பாடு பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும்தான். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் திட்டிக்கொண்டே சாப்பிடும் அதே பருப்பு. அங்கே மூன்று தட்டு!

ஜீரோ பாயின்ட்டில் பாதை திடீரென முடிகிறது. அதற்கு மேல் நிலம் சரிந்து இடிந்துகொண்டிருக்கிறது. பனியாறு வருஷத்துக்கு வருஷம் பின்வாங்குகிறது என்று பாடத்தில் படித்தது வேறு. அந்த விளிம்பில் நின்று பார்ப்பது வேறு. 2013 ஜூன் வெள்ளம் காத்திக்கும் துவாலிக்கும் இடையே பாதையையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. சிவில் படிக்கிறவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தப் பனியாற்றுக்கு மேலே ஒரு கணவாய். பெயர் ட்ரெய்ல் கணவாய். 1830-ல் அதைக் கடந்த குமாவோன் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் அது. கூட வழிகாட்டிப் போனவர் சூபி கிராமத்து மலக் சிங் என்று சொல்கிறார்கள். வழி தெரிந்தவர் ஒருவர். பெயர் கிடைத்தது இன்னொருவருக்கு! கட்டடத்தில் கொத்தனார் பெயரை யார் எழுதுகிறார்கள்? குடிலுக்கு அரிசி மூட்டை தானாக ஏறிவரவில்லை. கோவேறு கழுதை மேலும் மனிதர் முதுகிலும்தான் வந்தது. நம் பத்து கிலோவை யாரோ சுமந்தார்கள் என்பதை மறந்துவிட்டு 'நான் ஏறினேன்' என்று மார்தட்டுவது அழகில்லை. பேரம் பேசாமல் கூலி கொடுப்பதும், குப்பையைக் கீழே கொண்டுவருவதும், பேர் சொல்லிப் பேசுவதும் திட்டத்தில் சேர வேண்டிய விஷயங்கள்.

"ஆபத்து இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் நம் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஆபத்து இருக்கிறது என்பதற்காக வீட்டிலேயே உட்காருவதா, முறையாகப் போகக் கற்றுக்கொள்வதா? நான் இரண்டாவதன் பக்கம். எங்கள் அணியில் இரண்டு பேர் மாணவிகள். "ராத்திரி எங்கே தங்குவீங்க?" என்பதுதான் அவர்கள் வீட்டில் கேட்ட ஒரே கேள்வி. தேதி, குடில் பெயர், முன்பதிவு, கூட வரும் ஆசிரியை பெயர் எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். அனுமதி கிடைத்தது. கூடாரம் என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமா? குடில் பெண்களுக்கும் கதவு திறக்கிறது, நண்பர்களே!

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலைப்பாதைகளை முன்பதிவோடு திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் பெரும்பாலும் ஒரு நாளில் போய்த் திரும்பும் பாதைகள். வனவிலங்குக்கு இடைஞ்சல் இல்லாத மலைக்கிராமங்களின் வழியாக, ஊர்க்காரர்களே நடத்துகிற எளிய குடில்கள் இரண்டு மூன்று இருந்தால் போதும். அந்த வருமானம் அந்த ஊருக்கே போகட்டும். ஏழை மாணவனும் மூன்று நாள் நடக்கட்டும்.

நம் மாணவர் பேரவைக்கும் என் வேண்டுகோள் உண்டு. ஒரு மலைநடைக் குழு தொடங்குங்கள். பொதுவாக ஆறு முதுகுப்பை, ஆறு மழைக்கோட்டு, ஒரு முதலுதவிப் பெட்டி வாங்கி வையுங்கள். அடுத்தடுத்த வருஷத்து மாணவர்கள் எடுத்துப் பயன்படுத்தட்டும். முதலில் நம் மாநிலப் பாதைகளில் ஒரு நாள் பழகலாம். பிறகு பிண்டாரி. ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும். அதனால் மார்ச்சுக்குள் பணம், அனுமதி, பெயர்ப்பட்டியல் மூன்றும் தயாராக இருக்க வேண்டும். போய்வந்த எங்கள் ஆறு பேரின் நாள்வாரிக் கணக்கும் செலவுக் கணக்கும் ஒரு நோட்டில் இருக்கிறது. அதைத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறோம். எடுத்துப் படியுங்கள், காப்பி அடியுங்கள். இந்த ஒரு விஷயத்தில் காப்பி அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்!