நீங்க வெட்டினது உங்க போனை மட்டும் இல்லீங்க

ரெண்டு வாரமா எங்க வீட்டுல ஒரே பஞ்சாயத்துங்க. சொத்துத் தகராறான்னு கேக்காதீங்க, அந்தளவுக்கு சொத்து கெடையாது :) ஹால்ல டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, அம்மா கையால பின்னின துணியைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கே ஒரு லேண்ட்லைன் போன், அதை வெச்சுக்கறதா, எழுதிக் குடுத்துடறதாங்கறதுதான் மேட்டர்.

ஆரம்பிச்சு வெச்சது திருப்பூர்ல இருக்கற தம்பி. "ஏண்ணா, ஊருலகத்துல எவன் வீட்டுல இன்னும் இது இருக்கு? மாசாமாசம் தண்டம். எழுதிக் குடுத்துட்டு, அந்தக் காசுல அம்மாவுக்கு ஒரு நல்ல டச் போன் வாங்கிக் குடுங்க"ங்கறான். சம்சாரம் வாயைத் தொறக்கலை. அப்பா, "உங்க இஷ்டம்"னுட்டார். அம்மாகிட்ட யாருமே கேக்கலை. இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

தம்பி சும்மா ஒண்ணும் சொல்லலை. போன மாசம் ஒரு சம்பவம் நடந்துச்சு. அதைச் சொல்லாம இந்தப் பஞ்சாயத்து புரியாது.

எங்க ஊர் ஊத்துக்குளி. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். இப்ப திருப்பூர் பனியன் இங்க வரைக்கும் வந்தாச்சு. காலைல கம்பெனி வண்டி வந்து ஆளுகளை அள்ளிக்கிட்டுப் போயிடும். நான் கட்டிங், சம்சாரம் செக்கிங். ஒம்பது மணிக்கு மேல எங்க வீதில நடந்து பாருங்க, பாதி வீட்டுல பூட்டு தொங்கும், மீதி வீட்டுல வயசானவங்க மட்டும் இருப்பாங்க. கம்பெனிக்குள்ள போனை பையில வெச்சுட்டு நின்னா, மெஷின் சத்தத்துல நாலு கால் வந்தாலும் தெரியாது. சாப்பாட்டு நேரத்துல எடுத்துப் பார்த்தாத்தான் உண்டு.

அன்னிக்குப் பராமரிப்புக்காக காலைலயே கரண்ட் கட். பதினொரு மணி வாக்குல அப்பா பொடக்காலில மயங்கி விழுந்துட்டார். சுகர் மாத்திரை போட்டுட்டு சரியா சாப்பிடலை, சுகர் இறங்கிப் போச்சு. அம்மாவுக்கு முட்டிவலி, வேகமா நடந்து நாலு வீடு தள்ளிப் போய்க் கூப்பிட முடியாது. பக்கத்து வீடு ரெண்டும் பூட்டு.

அம்மாவுக்குன்னு ஒரு பட்டன் செல்போன் வாங்கிக் குடுத்திருக்கோம். அது எங்க இருந்துச்சு தெரியுங்களா? பீரோவுக்குள்ள, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ஸ்விட்ச் ஆப் பண்ணி. "சார்ஜ் தீந்து போயிடும்"னு பத்திரமா வெச்சிருக்காங்க! எடுத்து ஆன் பண்ணினா சார்ஜே இல்லை. கரண்டும் இல்லை.

அடுத்து லேண்ட்லைன். அதுல டயல் டோன் வந்துச்சு. காலண்டர் அட்டைல நான் எழுதி ஒட்டியிருந்த என் செல் நம்பரை அடிச்சிருக்காங்க. போகலை, ஏதோ ரெக்கார்டு பேசுச்சு. சம்சாரம் நம்பர், அதுவும் அப்படியே. ரெண்டும் தப்பு நம்பர்னு நெனச்சுக்கிட்டாங்க. அப்புறம் தனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பருக்கு வந்தாங்க. பெரியப்பா வீடு. உபயோகத்தில் இல்லை. அத்தை வீடு. உபயோகத்தில் இல்லை. மூணாவது, சின்ன மாமன் வீடு. மணி அடிச்சுது. மாமன் மருமக எடுத்துச்சு. வண்டிய எடுத்துக்கிட்டு ஓடியாந்து, சர்க்கரைத் தண்ணி குடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அப்பா இப்ப நல்லா இருக்கார். அந்த இருபது நிமிஷத்தைப் பத்தி அம்மா இன்னும் பேச மாட்டேங்கறாங்க.

தம்பியோட வாதம் இதுதான்: "பார்த்தியாண்ணா, நாலு நம்பர் அடிச்சும் போகலை. ஆபத்துக்கு உதவாத போன் எதுக்கு?"

அதே சம்பவத்தை வெச்சுத்தான் நான் நேரெதிரா சொல்றேன். அந்த போன் வேலை செஞ்சுது. வேலை செய்யாதது மத்தவங்க எல்லாரும்.

முதல்ல என் தப்பை ஒத்துக்கறேன். 2021 ஜனவரி 15-லேர்ந்து லேண்ட்லைன்ல இருந்து செல்லுக்குப் பேசணும்னா முன்னாடி ஒரு பூஜ்யம் சேர்த்து அடிக்கணும். செல்லுக்குப் புது நம்பர் வரிசை நெறைய வேணும்னு கொண்டு வந்த விதி. எனக்குத் தெரியும். ஆனா காலண்டர் அட்டைல பத்து நம்பரை மட்டும் எழுதினவன் நான்தான். ஒரு முட்டை எழுதறதுக்கு சோம்பேறித்தனம். 108-க்கு லேண்ட்லைன்ல இருந்தே அடிக்கலாம்னும் நான் அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்ததில்லை. தமிழ்நாட்டுல 108 வந்தது 2008-ல. இத்தனை வருஷமா அம்மா அதைச் செல்லுல அடிக்கற நம்பர்னே நெனச்சிட்டு இருந்திருக்காங்க.

இப்ப பெரியப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் வருவோம். ரெண்டு வீட்டுலயும் பல வருஷத்துக்கு முன்னாடியே லைனை எழுதிக் குடுத்துட்டாங்க. யாரும் பேசறதில்லை, எதுக்குன்னு. அவங்கவங்க வீட்டுக் கணக்குல அது சரிதான். ஆனா அம்மா மண்டைல இருந்த நம்பர் மொத்தமே ஆறு. அவங்க ரெண்டு பேரும் வெட்டினதுல அதுல ரெண்டு செத்துப் போச்சு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு கூட யாருக்கும் தோணலை. லேண்ட்லைனை வெட்டறது நம்ம வீட்டு விஷயம்னு நெனைக்கறோம். அந்த நம்பரை மனப்பாடமா வெச்சிருக்கற ஒருத்தர் வேற ஊர்ல இருக்காங்க, அவங்க கதவையும் நாம சாத்தறோம். இதுக்கு எந்த பில்லுலயும் கணக்கு வராது.

சரி, வெட்டுக் கட்சிக்காரங்களோட மத்த வாதங்களையும் பார்த்துடலாம்.

"லேண்ட்லைன் செத்துப் போச்சு." சாகலைங்க. 2020-ல நாடு முழுக்க கம்பிவழி இணைப்பு சுமார் 2 கோடிதான் இருந்துச்சு. 2024 முடிவுல அது சுமார் 3.9 கோடி. எப்படின்னா எல்லாம் ஃபைபர். நெட்டுக்காக வாங்கறோம், அதோடயே ஒரு போன் நம்பரும் வருது. பெட்டிக்குப் பின்னாடி போன் சொருகற ஓட்டை ஒண்ணு இருக்கும், போய்ப் பாருங்க. முக்காவாசி வீட்டுல அது காலியாத்தான் கெடக்கும்னு நெனைக்கறேன். "லேண்ட்லைனா, நாங்க வெச்சுக்கறதில்லை"னு சொல்றவங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு, காது மட்டும் இல்லை.

"அம்மாவுக்கு டச் போன் குடுத்தாப் போச்சு." குடுத்துப் பாருங்களேன். கண்ணாடியைத் தேடணும், திரையைத் தேய்க்கணும், பச்சையை எந்தப் பக்கம் இழுக்கணும்னு யோசிக்கணும். கை நடுங்கறப்போ அந்தத் திரை கேக்காது. இன்னொண்ணும் இருக்கு. 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு போலீஸ் வேஷத்துல வீடியோ கால்ல மிரட்டிப் பணம் புடுங்கற கதையை நாட்டுக்கே எச்சரிக்கையா 2024 அக்டோபர்ல பிரதமரே பேசற அளவுக்கு நெலமை போச்சு. லேண்ட்லைனுக்கும் மோசடிக் கால் வரும், நான் இல்லேங்கலை. ஆனா அதுல லிங்க்கை அமுக்கச் சொல்லவும் முடியாது, காக்கிச்சட்டை காட்டி வீடியோல மிரட்டவும் முடியாது.

"காசு தண்டம்." எங்க வீட்டு வாடகை, மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை குடும்பத்தோட பேக்கரிக்குப் போய் டீ, பப்ஸ் சாப்பிட்டா ஆகற காசு. செல்லுக்கு வீட்டுல நாலு பேர் ரீசார்ஜ் பண்றதைக் கூட்டிப் பார்த்திருக்கானா தம்பி? அதுக்கு யாரும் பஞ்சாயத்து வைக்கறதில்லை. ஏன்னா அதை உபயோகப்படுத்தறது நாம. இதை உபயோகப்படுத்தறது அம்மா. பில் கட்டறவன் ஒருத்தன், பேசறது வேற ஒருத்தர். அதனாலதான் முதல்ல இதுல கத்தி விழுது.

இந்த போன் எங்க வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகள்ல. எழுதிப் போட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வந்த லைன். 1984-ல ஆரம்பிச்ச சி-டாட் நிறுவனம் 128 லைன் வர்ற சின்ன கிராம எக்ஸ்சேஞ்சைச் செஞ்சு 1986-ல ஓட விட்டதுக்கு அப்புறம்தான் சின்ன ஊருக்கெல்லாம் போன் வர ஆரம்பிச்சுது. அப்ப வீதிக்கே எங்க போன்தான். 'பி.பி. நம்பர்'னு எங்க நம்பரை எழுதின கல்யாணப் பத்திரிகை கூட உண்டு. யாருக்காவது கால் வந்தா அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடிப் போய்க் கூப்பிட்டு வருவார். வந்த நல்ல சேதி, கெட்ட சேதி எல்லாமே எங்க ஹால்ல வெச்சுத்தான் தெரியும். வீட்டுல யார் இருக்காங்களோ அவங்க எடுப்பாங்க, அவ்வளவுதான் கணக்கு. செல்போன் ஆளோட கெளம்பிப் போயிடுது. வீட்டுல தங்கினவங்களுக்கு வீட்டோட இருக்கற போன்தான்.

இதுக்காக நான் பழசைக் கட்டிக்கிட்டு அழற கேஸுன்னு நெனச்சுடாதீங்க. 2013 ஜூலைல தந்தியை நிறுத்தினப்ப கடைசி நாள் வரிசைல நின்னு ஞாபகார்த்தமா தந்தி அடிச்சாங்க பாருங்க, எனக்கு அதுல உடன்பாடே கெடையாது. நிஜமா உபயோகம் இல்லாததை வெட்டுங்க. வீட்டுல எல்லாரும் செல்லு வெச்சு, சார்ஜ் போட்டு, எடுத்துப் பேசத் தெரிஞ்சவங்களா இருந்தா, உங்க பழைய நம்பர் யார் மண்டைலயும் இல்லேன்னா, இன்னிக்கே எழுதிக் குடுங்க. கவிதையெல்லாம் எழுத வேண்டாம்.

அதே மாதிரி, லேண்ட்லைன்னா எல்லாம் ஒண்ணுன்னும் நெனைக்காதீங்க. பழைய தாமிரக் கம்பி லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரில இருந்து வரும், 48 வோல்ட். அதனாலதான் அன்னிக்கு எங்க வீட்டுல கரண்ட் இல்லாதப்பவும் டயல் டோன் வந்துச்சு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல செல்போன் அவிஞ்சு போனப்பவும் சில வீடுகள்ல லேண்ட்லைன் பேசினதுக்கு இதுதான் காரணம். ஃபைபர்ல அது கெடையாது. வீட்டுல கரண்ட் போனா பெட்டி செத்துடும், போனும் செத்துடும்.

தாமிரத்தை இனி யாரும் காப்பாத்தப் போறதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். உலகம் பூரா இதான் கதை. இங்கிலாந்துல பழைய லைனை 2025 முடிவுல நிறுத்தறதா இருந்தாங்க. வயசானவங்க வீட்டுல இருக்கற அவசர அழைப்புக் கருவி லைன் மாத்தறப்போ வேலை செய்யாமப் போனது தெரிஞ்சதும், 2023 டிசம்பர்ல கட்டாய மாத்தத்தையே நிறுத்தி வெச்சு, கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளினாங்க. கலிபோர்னியால, கேட்டவங்களுக்கெல்லாம் லைன் குடுத்தே ஆகணும்ங்கற பொறுப்புல இருந்து விடுவிங்கன்னு ஏடி அண்டு டி கேட்டதை 2024 ஜூன்ல ஒழுங்குமுறை ஆணையம் நிராகரிச்சுடுச்சு. அங்கயெல்லாம் 'அந்தக் கெழவிக்கு என்ன பண்றது'ன்னு ஒரு கேள்வியாவது எழுந்திருக்கு. நம்ம வீட்டு ஹால்லயே அதைக் கேக்க ஆள் இல்லேன்னா எப்படிங்க?

அதான் போன ஞாயித்துக்கெழமை நானே கேட்டேன். "ஏம்மா, இந்த போன் வேணுமா, வேண்டாமா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எடுத்துட்டீங்கன்னா பகல்ல வூட்டுல சத்தமே இருக்காது கண்ணு"ன்னாங்க.

தம்பி அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலை.

முடிவு: லைன் இருக்கும். தாமிரம் போய் ஃபைபர்தான்னு ஒரு நாள் ஆனா அப்ப மாத்திக்குவோம், கூடவே பெட்டிக்கு ஆயிரத்துச் சொச்சத்துல ஒரு சின்ன பேட்டரி பேக்கப்பும் போட்டுக்குவோம். போனுக்கு மேல சுவத்துல பெயிண்டுல பெருசா நம்பர் எழுதியாச்சு. எல்லா செல் நம்பருக்கும் முன்னாடி பூஜ்யம், அது மட்டும் செவப்புல. முதல் வரில 108. ஒரு தடவை அம்மாவையே எல்லா நம்பரையும் அடிக்கச் சொல்லிப் பார்த்தோம், 108-ஐத் தவிர. பெரியப்பா வீட்டுல பேரனுக்காக ஃபைபர் போட்டிருக்காங்க. அந்த ஓட்டை காலியாத்தான் இருந்துச்சு. நானே போய் கம்பெனிக்குச் சொல்லி நம்பரை ஆன் பண்ணி, எங்ககிட்ட சும்மா கெடந்த ஒரு பழைய பட்டன் போனைச் சொருகிட்டு வந்தேன். பழைய நம்பர் போனது போனதுதான், இது புதுசு.

அம்மா அதை மனப்பாடம் பண்ணிட்டிருக்காங்க. காய் நறுக்கறப்போ கூட வாய் முணுமுணுக்குது.

டிஸ்கி: உங்க வீட்டு லைனை எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல வயசுல மூத்தவங்ககிட்ட ஒரு பேப்பர் குடுத்து, ஞாபகத்துல இருக்கற நம்பரை எல்லாம் எழுதச் சொல்லுங்க. அப்புறம் அந்த நம்பர் ஒவ்வொண்ணுக்கும் போன் போட்டுப் பாருங்க. எத்தனை எடுக்குதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.