கடைசி வீட்டுக் குழாய்



ஃபஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, மயிலாப்பூர்ச் சந்துகளில் முதலில் காதில் விழுவது பறவைகளின் ஒலியன்று, அடிபம்புகளின் ஓசைதான். இரும்புக் கைப்பிடி மேலும் கீழும் போய்வரும் அந்தக் 'கிரீச்' சத்தத்தை இந்நகரத்துத் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனூடே இன்னொரு சத்தமும் கேட்கும். சுவருக்குப் பின்னே மறைவாக, தேனீக்கூட்டம் இரைவது போல ஓடும் மின்மோட்டாரின் சத்தம் அது. இம்மாதம் அந்த இரண்டாவது சத்தத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். பிறரைக் குறை கூறும் நோக்கம் எனக்கில்லை. அத்தகைய மோட்டார் ஒன்று எங்கள் மதரஸாவுக்கே சொந்தமாக இருந்தது.

2019ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனதால், ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டராக இருந்த குடிநீர் வழங்கல் ஏறத்தாழ 52 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து சேர்ந்தது. அதைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டிலிருந்த பிள்ளைகள் கைதட்டினர். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைக்கப்பட்ட அந்த வழங்கலிலும் ஒரு நாள் தண்ணீரில் இருநூறில் ஒரு பங்குதான் அந்த ரயிலில் வந்தது.

அப்போதுதான் எங்கள் மதரஸாவின் குழாயிலும் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நாற்பது பிள்ளைகள் ஒளு செய்ய வேண்டும், கழிவறைக்கும் வேண்டும். நிர்வாகிகள் கூடிப் பேசி அரை எச்.பி. மோட்டார் ஒன்றை வாங்கி, பிளம்பர் ஒருவரை அழைத்துத் தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பிலேயே நேரடியாகப் பொருத்தினார்கள். அவ்வாறு பொருத்துவது விதிமீறல் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. 'எல்லா வீட்டிலும்தானே வைத்திருக்கிறார்கள்' என்ற ஒரே வாக்கியம் எங்கள் எல்லோருடைய மனச்சாட்சிக்கும் போதுமானதாக இருந்தது. நானும் அக்கூட்டத்தில் தலையாட்டியவன்தான். மோட்டாரை இயக்கியதும் தொட்டியில் தண்ணீர் கொட்டிய சத்தத்தைக் கேட்டு 'அல்ஹம்துலில்லாஹ்' என்றும் சொன்னோம்.

காலை வகுப்புக்கு ஒரு சிறுவன் நாள்தோறும் தாமதமாக வருவான். ஒன்பது வயது. சந்தின் கடைசி வீட்டில் தன் நன்னியோடு இருப்பவன். ஒரு நாள் சற்றுக் கடுமையாகவே காரணம் கேட்டேன்.

"நம்ம மதரஸா மோட்டார் நின்ன பிறகுதான் எங்க பம்புல தண்ணி வரும், ஹஜ்ரத். நன்னிக்குக் கை வலி. நான்தான் அடிக்கணும்."

அவன் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போலச் சொன்னான். 'நம்ம மதரஸா' என்று அவன் சொன்னதுதான் என்னை அன்றிரவு உறங்க விடவில்லை.

அன்றைய பாடம் எதுவாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூத்த மாணவர்களுக்கு நான் ஃபிக்ஹ் நடத்திக்கொண்டிருந்தேன். மதீனாவில் மழைநீர் ஓடைகளைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பு அப்பகுதியில் வருகிறது. மேட்டு நிலத்துக்காரர் தம் வயலில் கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டு, பின்னர் கீழே இருப்பவருக்குத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான். நான் நடத்திக்கொண்டிருந்தபோதே சுவருக்குப் பின்னால் அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயினும் நான் உடனே எதையும் செய்துவிடவில்லை. 'கோடை கழியட்டும்' என்று தள்ளிப்போட்டேன்.

செப்டம்பரில் அச்சிறுவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அசுத்தமான தண்ணீரால் வந்தது என்றார் மருத்துவர். ஆறு வாரம் அவன் படுக்கையில் கிடந்தான். அடுத்த வீட்டில் ஒரு பெண்மணியும் நோயுற்றார். அவ்விரு வீட்டுக் குடங்களிலும் சில நாட்களாகவே துர்நாற்றம் வீசியிருக்கிறது. சந்தைத் தோண்டிப் பார்க்கும்படி ஆயிற்று. பழுது எங்கள் சுவரோரத்திலேயே இருந்தது. மோட்டாருக்காகப் பிளம்பர் போட்ட இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தொலைவில் எங்கள் கழிவறைக் குழாய் கசிந்து மண்ணை ஊறச் செய்திருந்தது.

தோண்டிய முதியவர் எனக்கு விளக்கினார். நாள் முழுதும் அழுத்தத்தோடு நீர் நிறைந்திருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ளது எளிதில் உள்ளே நுழையாது. இரண்டு மணி நேரம் மட்டும் நீர் வந்து மற்ற நேரமெல்லாம் வெறுமையாய்க் கிடக்கும் குழாயோ சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். மோட்டார் நின்ற பிறகு, கடைசி வீட்டில் ஒருவர் அடிபம்பை அடித்தால் அந்த உறிஞ்சலும் அதே ஓட்டை வழியாகத்தான் இழுக்கும். எங்கள் கழிவை அச்சிறுவன் தன் கையாலேயே இறைத்துக் குடித்திருக்கிறான். மதரஸாவில் நாங்கள் குடித்தது கேன் தண்ணீர். ஆகவே எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

அந்தக் குழியில் எங்கள் இணைப்புக்குக் கீழே கறுத்துப்போன வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று தெரிந்தது. இதை எவர் புதைத்தார், எப்போது புதைத்தார் என்ற எண்ணம் எழுந்தது. தியாகராய நகரில் மேட்லி சாலையில் போகாதவர் நம்மில் குறைவு. அந்த மேட்லி ஒரு பொறியாளர். கீழ்ப்பாக்கத்தில் 1914இல் இயங்கத் தொடங்கிய மணல் வடிகட்டிகளோடு இந்நகரின் நவீன குடிநீர் அமைப்பை உருவாக்கியவர் அவரே. 1961இல் நகரில் 6,60,000 பேர் இருப்பார்கள் என்று கணித்து அவ்வமைப்பு திட்டமிடப்பட்டது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ எண்ணிக்கை 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பின்னர் 1944இல் பூண்டியும், 1996இல் கிருஷ்ணா நீரும், 2004இல் வீராணம் நீரும், 2010 முதல் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சுத்திகரிக்கப்பட்ட கடல்நீரும் வந்து சேர்ந்தன. எத்தனை தொலைவிலிருந்து வந்தாலும், கடைசியில் நம் சந்துக்குள் நுழைய அது தரைக்கடியில் கிடக்கும் குழாயைத்தானே நம்ப வேண்டியிருக்கிறது!

மேட்லியின் பெயர் தாங்கிய அந்தத் தியாகராய நகரே ஓர் ஏரியின் மடியில் எழுந்தது என்பது இளைய தலைமுறைக்கு வியப்பாக இருக்கலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் அந்நகர் அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் நிலை வேறு. கடலோர மணலில் நல்ல நீர் உப்புநீருக்கு மேல் ஏடுபோல் படிந்திருக்கும். ஆழ்துளைக் கிணறுகளால் அளவுமீறி உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். அங்கும் ஒரு வீட்டு மோட்டார் அடுத்த வீட்டுக் கிணற்றைக் கெடுக்கிறது.

செல்வம் கொழிக்கும் நாடுகளில் இதெல்லாம் நடக்காது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்றொரு நகரம். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நகரத்துத் தண்ணீரை விட்டுவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். அந்நீர் குழாய்களை அரிக்கக்கூடியது. அரிப்பைத் தடுக்கச் சேர்க்க வேண்டிய மருந்தை அவர்கள் சேர்க்கவில்லை. வீடுகளுக்குச் செல்லும் பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியது. தண்ணீர் நிறம் மாறிவிட்டது, நாறுகிறது என்று தாய்மார்கள் பாட்டில்களில் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டியும், அஞ்ச வேண்டியதில்லை என்றே ஒன்றரை ஆண்டுக் காலம் பதில் வந்தது. அங்கும் அதிகமாக அவதிப்பட்டவர்கள் ஏழைகளும் கறுப்பின மக்களும்தான். கடைசி வீடு எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஒன்று நினைவுக்கு வருகிறது. மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த சுபைதா அம்மையாரை நாம் அனைவரும் அறிவோம், மேடைதோறும் புகழ்கிறோம். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவியாகிய அவர் வெட்டிய கால்வாய் பல நூற்றாண்டுகள் ஹாஜிகளின் தாகம் தீர்த்தது. மண் மூடியும் கல் சரிந்தும் அது தடைப்பட்ட போதெல்லாம் இறங்கித் தூர்வாரியவர்களின் பெயரோ நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லையேல் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நாம் சுபைதாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா?

எங்கள் கதைக்கு வருகிறேன். மீண்டும் நிர்வாகக் கூட்டம் கூடியது. மோட்டாரை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னபோது, 'பிள்ளைகள் ஒளுவுக்கு என்ன செய்வார்கள்?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வழியும் எளியதே. குழாய் மட்டத்துக்குக் கீழே தரையில் ஒரு சம்ப் கட்டினால், தண்ணீர் தன் போக்கிலேயே அதில் வந்து விழும். பிறகு அந்தச் சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு மோட்டார் வைத்து ஏற்றிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. நமக்கு வருவதை மட்டும் எடுக்கிறோம். அடுத்தவருக்குப் போவதை இழுக்கவில்லை. கட்டடத்துக்கு வர்ணம் பூச ஒதுக்கியிருந்த தொகையை இதற்குச் செலவிட்டோம். போதாததை ஒரு பெரியவர் தாராளமாகத் தந்து உதவினார். கழிவறைக் குழாயையும் மாற்றினோம்.

சம்ப் நிரம்ப மோட்டாரை விட மூன்று மடங்கு நேரம் ஆகிறது. எனவே கெண்டியில் ஒளு செய்யப் பழக்கினோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளு செய்தார்கள் என்று பாடம் சொல்லும் நானே குழாயைத் திறந்துவிட்டுக் கொண்டு எவ்வளவு செலவழித்து வந்தேன் என்பதை அளந்து பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அளவைச் சொல்ல மாட்டேன்.

குணமடைந்து வந்த சிறுவனின் நன்னியிடம் நானே சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "பிள்ளை ஆறு வாரம் ஓதாம விட்டது போச்சே, ஹஜ்ரத். அதைச் சேர்த்து ஓதிக் குடுத்திடுங்க" என்றார். ஓதிக் கொடுத்தேன்.

எங்கள் சந்தில் இன்னும் இரண்டு வீடுகளில் அதிகாலையில் அந்த மோட்டார்ச் சத்தம் கேட்கிறது. அவற்றுள் ஒன்று, சம்ப் கட்டத் தாராளமாகத் தந்த அதே பெரியவரின் வீடு. சொல்ல வேண்டும் என்றே ஒரு முறை போனேன். சர்பத் கொடுத்தார், குடும்ப நலம் விசாரித்தார், குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த இதழ் அவர் வீட்டுக்கும் தபாலில் போகிறது.