குச்சிக்கு உயிர் உண்டா?

“டீச்சர், இது தப்பு இல்ல. எங்கப் பாட்டி நட்ட குச்சி துளிர் விட்டுச்சு!”

முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் சொன்ன சொற்கள் இவை. பல்கலைக்கழக விடுமுறையில் கிள்ளான் வட்டாரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் கொண்டிருந்தேன். அன்றைய பாடம் ‘உயிருள்ளவை, உயிரற்றவை’. பயிற்சித்தாளில் பூனை, மீன், வாழைமரம், நாற்காலி, பந்து, மகிழுந்து, குச்சி எனப் பல படங்கள். கீழே இரண்டே கட்டங்கள். எல்லாரும் குச்சியை ‘உயிரற்றவை’ கட்டத்தில் எழுதியிருக்க, இவன் மட்டும் ‘உயிருள்ளவை’ கட்டத்தில் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் பிழைக்குறி போட்டேன். அவன் விளக்க முயன்றபோது, “விடையில அப்படித்தான் இருக்கு, தம்பி” என்று சொல்லி அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பு முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை கீரை ஒடிக்க வீட்டின் பின்புறம் போனபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டு முருங்கை மரமே அம்மா பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி நட்ட ஒரு போத்துதான்! வேலியோரத்து மரவள்ளியும் அப்படித்தான், தண்டை வெட்டி ஊன்றியது. வெட்டிய தண்டில் இன்னும் உயிரோடிருக்கும் உயிரணுக்கள்தாம் பிரிந்து பெருகி, வேரும் துளிருமாக வெளிவருகின்றன. ஏழு வயதுப் பிள்ளை கண்ணால் கண்டு சொன்ன அறிவியலை, பட்டப்படிப்புப் படிக்கும் நான் விடைப்பட்டியலைப் பார்த்துத் தவறு என்று அடித்திருந்தேன்.

இது என் ஒருத்தியின் பிழை மட்டும்தானா? இரண்டே கட்டங்களைப் போட்டு உலகத்தை அதற்குள் அடைக்கும் நம் கற்பித்தல் முறையும் இதற்குக் காரணம் என்பதே என் கருத்து.

2017இல் தொடங்கிய சீராய்வு செய்யப்பட்ட தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் இந்தத் தலைப்பை முதலாம் ஆண்டு அறிவியலிலேயே வைத்தது. உயிருள்ளவை சுவாசிக்கும், நீரும் உணவும் அவற்றுக்குத் தேவை, நகரும், வளரும், இனவிருத்தி செய்யும். இந்த ஐந்து தன்மைகளையும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்ணால் காணும் உலகம் வேறு. மகிழுந்து நகர்கிறது; எண்ணெய் ‘குடிக்கிறது’. தீ வளர்கிறது, ஒன்று பலவாகப் பரவுகிறது. மாமரமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அப்படியானால் எதற்கு உயிர்?

இக்குழப்பம் புதிதன்று. சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் ஜீன் பியாஜே 1926இல் வெளியிட்ட நூலிலேயே இதைப் பதிவு செய்துள்ளார். சிறு பிள்ளைகள் அசைவதை எல்லாம் உயிருள்ளதாகக் கருதுகிறார்கள். சூரியன், காற்று, மிதிவண்டி எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிறார்கள். படிப்படியாகத்தான் அந்த எண்ணம் மாறுகிறது. அதை ஒரு பயிற்சித்தாளால் ஒரே நாளில் மாற்றிவிட முடியுமா?

தமிழ்ப்பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மொழியில் கடிகாரம் ‘ஓடுகிறது’. பேட்டரி ‘செத்துப் போகிறது’. மொழிப்பாடத்தில் ‘அ’ உயிரெழுத்து, ‘க்’ மெய்யெழுத்து. நாயும் நாற்காலியும் இலக்கணத்தில் ஒரே அஃறிணை, இரண்டும் ‘அது’தான். மலாய்மொழி வகுப்புக்குப் போனால் மனிதருக்கு ‘ஓராங்’, விலங்குக்கு ‘எக்கோர்’. மரத்துக்கும் பென்சிலுக்கும் மட்டும் ஒரே ‘பாத்தாங்’. மொழி பிள்ளைகளின் அறிவியல் எண்ணத்தைத் தொடும் என்பதற்குச் சான்றும் உண்டு. எபிரேய மொழியில் விலங்கைக் குறிக்கும் சொல்லும் உயிரைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை. அம்மொழி பேசும் பிள்ளைகள் பலர் தாவரங்களை உயிருள்ளவை என்று ஏற்கத் தயங்கியதாக 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இதனால் தமிழில் அறிவியல் கற்பிப்பது தவறு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதும், 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. தாய்மொழியில் கற்பிக்கும் வாய்ப்பு மீண்டும் கிடைத்தபின், அந்த மொழியின் வளத்தை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே என் கேள்வி. “பேட்டரி செத்துப்போச்சு என்கிறோமே, அது எப்போதாவது உயிரோடு இருந்ததா?” என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு விடை தேடுவார்கள். அதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் ஏது?

நம் முன்னோரும் இரண்டு கட்டங்களோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஆறு படிகளாக வகுக்கிறது. அதில் முதற்படியிலேயே புல்லுக்கும் மரத்துக்கும் இடம் உண்டு. நகராத ஒன்றும் உயிர்தான் என்ற தெளிவு அதில் இருக்கிறது. இன்றைய உயிரியலுக்கு அது ஈடாகாது. ஆனால் உற்றுநோக்கி வகைப்படுத்தும் பழக்கம் நம் மரபில் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அது போதும்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றும் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்ப்போம்: ‘முன்பு உயிரோடு இருந்தவை’. கருவாடு, காய்ந்த இலை, மரமேசை, ரப்பர் வளையம் எல்லாம் அங்கே போகட்டும். கல் என்றுமே உயிரற்றது. கருவாடு ஒருகாலத்தில் கடலில் நீந்தியது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே கட்டத்தில் போடுவது எப்படிச் சரியாகும்?

இரண்டாவது, சமையலறையை ஆய்வுக்கூடமாக்குவோம். ஒரு பிடி பச்சைப்பயற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேகவைத்து ஆறவிட்டு, இரண்டையும் ஈரத்துணியில் வைக்கட்டும். ஓரிரு நாளில் ஒன்று முளைக்கும், மற்றொன்று கெட்டுப்போகும். விதை உறங்கும் உயிர் என்பதும், அந்த உயிர் போகக்கூடியது என்பதும் ஒரு வெள்ளி செலவில்லாமல் புரிந்துவிடும்.

விதையின் உயிர் நமக்குச் சின்னச் செய்தியன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகள் ஏறத்தாழ 70,000. அவற்றில் முளைத்தவை 3,000க்கும் குறைவு. ரப்பர் விதை விரைவில் உயிரிழந்துவிடும் தன்மையுடையது. பிழைத்தவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பின்னாளில் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்ததும், நம் பாட்டன் பூட்டன்கள் பால்வாளி தூக்கியதும் அந்தக் கன்றுகளுக்குப் பின் வந்த கதை. இதைச் சொன்னால் ஒரு விதையை எந்தப் பிள்ளை அலட்சியமாகப் பார்க்கும்?

மூன்றாவது, பிள்ளைகள் ஓர் உயிரை வளர்க்கட்டும். ஜப்பானிய ஆய்வாளர் காயோக்கோ இனகாக்கி 1990இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகள், தாங்கள் வளர்க்காத தவளையைப் பற்றியும் பொருத்தமாக ஊகித்துச் சொன்னார்கள். தங்கமீன் இல்லாவிட்டால் என்ன? பள்ளித் திடலில் தொட்டாற்சுருங்கி இருக்கிறதே! தாவரமும் அசையும் என்பதை அது ஒரு நொடியில் காட்டிவிடும்.

“இதற்கெல்லாம் நேரம் ஏது? சோதனை வருகிறதே” என்று சிலர் கேட்கலாம். முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் 2019இலேயே அகற்றப்பட்டன. பயிற்சித்தாளைப் பிடித்துக்கொண்டு விடாதவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற டியூஷன் ஆசிரியர்களும், பக்கங்கள் நிறைந்தால்தான் பாடம் நடந்தது என்று நினைக்கும் பெற்றோருமே. பாட்டி குச்சி நடுவதைப் பார்த்து நின்ற பிள்ளையின் நேரம் வீணான நேரமா?

அடுத்த வாரம் அந்த மாணவனிடம் அவன் தாளை வாங்கி, என் சிவப்புக் குறியை அடித்துவிட்டுச் சரி என்று போட்டேன். “டீச்சர்தான் தப்பு பண்ணிட்டேன்” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறகு வாசலில் இரண்டு குச்சிகளை நட்டோம். ஒன்று புதிதாக வெட்டிய முருங்கைப் போத்து, மற்றொன்று காய்ந்த விறகுக் குச்சி. விடுமுறை முடிவதற்குள் போத்தில் பச்சை தெரிந்தது.

“இப்ப சொல்லு, குச்சிக்கு உயிர் இருக்கா இல்லையா?” என்று கேட்டேன்.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “எந்தக் குச்சின்னு சொல்லுங்க டீச்சர்” என்றான்.

நாளைய ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் ஆகப்போகும் பல்கலைக்கழக மாணவர்களே, பிள்ளைகளிடம் நாம் வளர்க்க வேண்டியது இப்படித் திருப்பிக் கேட்கும் அறிவைத்தான். அதுவும் ஓர் உயிர். நம் சிவப்பு மை பட்டு அது பட்டுப்போக வேண்டாம்.