திரைக்குப் பின்னே உருளும் பகடை

பகடை என்றதும் சூதும் சகுனியும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் பணயப் பொருளும் இல்லாத, வென்றார் தோற்றார் என்பதும் இல்லாத பகடையாட்டம் ஒன்று மேலைநாட்டில் உண்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கி, 1974-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளியிடப்பெற்ற 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே அது. நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் கதைமாந்தர் ஒருவராகித் தாம் செய்வதைச் சொல்லிச் செல்வர். களத்தையும் பகைவரையும் விரித்துரைப்பவர் ஆட்டத் தலைவர். வாள் பட்டதா, தவறியதா என்பதை இருபது பக்கப் பகடை முடிவு செய்யும். தலைவர் முன் அட்டைத் திரையொன்று நிற்கும். அதன் பின்னே அவர் உருட்டும் எண் பிறர்க்குத் தெரியாது.

சிக்கல் அங்கேதான் பிறக்கின்றது. பல மாதங்களாக வளர்ந்து வந்த கதைமாந்தர் ஒருவர் அற்பப் பகைவன் ஒருவனின் அடியால் மாள வேண்டும் எனப் பகடை காட்டுகின்றது. இருபது விழுந்திருக்க, தலைவர் மனமிரங்கி, 'அடி தவறிற்று' என்று அறிவிக்கின்றார். இதில் தன்னலம் இல்லை என்பது உண்மையே. கைகாக்ஸே தாம் 1979-இல் எழுதிய தலைவர்க்கான கையேட்டில், பகடையைப் புறக்கணிக்கும் உரிமை தலைவர்க்கு உண்டென்கிறார். செய்ய வேண்டுவன எல்லாம் செய்தும் தீயூழால் மடிய நேர்ந்த மாந்தரைக் கொல்லாது, மயக்கமுறவோ உறுப்பிழக்கவோ செய்து விட்டுவிடலாம் என்பது அவர்தம் யோசனை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கையேடும் திரைமறைவில் எண்ணை மாற்ற இடந்தருகின்றது.

ஆக்கியோரின் இசைவு இருந்தும் நாம் இதனை ஏற்பதற்கில்லை. நாம் மறுப்பது இரக்கத்தை அன்று. அதன் மறைவையே மறுக்கின்றோம். இருபது பக்கப் பகடையில் இருபது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 5. அந்த ஐந்தைக் கருதித்தானே ஆடுவோர் பின்வாங்குவதா, பாய்வதா என்று தம்முள் வாதிடுகின்றனர்? தோழனைக் காக்கத் தன்னுயிரை முன்வைத்த மாந்தர்க்கு உண்மையில் எந்த இடரும் இருந்ததில்லை எனில், அவர் காட்டிய வீரம் என்னாவது? ஒருமுறை இது வெளிப்பட்டுவிட்டாலோ, முன்பு நேர்மையாகப் பெற்ற வெற்றிகளின் மீதும் ஐயம் படியும். ஆடுபவர் ஒருவர் தம் எண்ணைத் திரித்துச் சொன்னால் ஏமாற்று என்று கடிவர். தலைவர் செய்தால் மட்டும் கலை என்பர்! இஃது என்ன நீதியோ?

கதை கெட்டுவிடுமே என்பார்க்கு நம் விடை எளிது. நிகழக் கூடாதது என்று கருதும் ஒன்றிற்குப் பகடையைத் தொடவே வேண்டா. மாந்தர் இறத்தல் கூடாதெனில் அதனை முதல் அமர்விலேயே அனைவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். கைகாக்ஸ் சொன்ன மயக்கத்தையும் வெளிப்படையான விதியாகவே வைத்துக்கொள்ளலாம். 2010-இல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்னும் ஆட்டத்தில் தலைவர் பகடை உருட்டுவதே இல்லை, உருட்டுவோர் ஆடுபவரே. பழைய ஆட்டத்தை விட மனமில்லாதாரிலும் சிலர் திரையை மடித்து வைத்துவிட்டு, எல்லார் கண்முன்னும் உருட்டுகின்றனர். உயிர் போகும் கட்டமெனில் அம்மேசையில் பேச்சு அடங்கிவிடும். பகடை உருண்டு ஓயும்வரை அனைவர் பார்வையும் அதன்மேலேயே இருக்கும்.