தற்செயல் என்னும் சோம்பல்

இரண்டு பாத்திரங்களின் சந்திப்பு தானாக நிகழ வேண்டும், முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு நிகழ்த்தினால் அது சந்திப்பே அல்ல, வெறும் நாடகம் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஆயிரக்கணக்கான பேர் கூடி ஆடுகிற விளையாட்டுகளில், அரக்கனைக் கொன்று பொன் சேர்ப்பதோடு திருப்தியடையாமல், ஆளுக்கொரு பாத்திரத்தைக் கற்பித்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி வாழ்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. ரோல்பிளே என்று அதற்குப் பெயர். இந்தக் கட்சி அவர்களுக்குள்ளேதான் இருக்கிறது. நாளும் இடமும் குறித்துக்கொண்டு சந்திப்பவர்களை இவர்கள் கொஞ்சம் கீழாகப் பார்க்கிறார்கள். உண்மையான கற்பனை உள்ளவனுக்கு ஏற்பாடு எதற்கு என்பது இவர்கள் கேள்வி.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குத்தான் வேலை! ஒரு பாத்திரத்தை இன்னொரு பாத்திரத்தோடு சந்திக்க வைப்பது எங்கள் தொழில். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கதாநாயகன் கதாநாயகியைத் 'தற்செயலாக'க் காண்கிறானே, அந்த மழையைப் பெய்வித்தது யார்? அன்றைக்கென்று அவளுடைய பஸ்ஸைத் தாமதப்படுத்தியது யார்? வாசகர் கண்ணுக்குத் தற்செயலாகத் தெரிவதெல்லாம் எழுதுகிறவன் மேஜையில் திட்டம்தான். எந்தப் பாத்திரமும் தானாக நடந்து போய் இன்னொரு பாத்திரத்தின் மீது முட்டிக்கொண்டதில்லை. ஆகவே தற்செயலுக்குக் கோயில் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக விளையாட்டின் முறையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டு 2004 நவம்பரில் வெளிவந்தது. அதில் ரோல்பிளே செய்கிறவர்களுக்கென்றே தனி சர்வர்கள் உண்டு. ஐரோப்பாவில் 'ஆர்ஜென்ட் டான்' என்பது அவ்வகையில் பேர் பெற்றது. அங்கே நீங்கள் ஒரு குள்ளனாகவோ, மந்திரவாதியாகவோ, சாதாரண ரொட்டிக் கடைக்காரியாகவோ இருக்கலாம். நீங்கள் தட்டச்சு செய்வது உங்கள் பாத்திரத்தின் பேச்சாகிறது. அது பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே கேட்கும். பெருமூச்சு விட்டாள், கோப்பையைக் கீழே வைத்தாள் என்பன போன்ற செய்கைகளையும் எழுதிக் காட்டலாம். எதிரில் நிற்பவர் அதைப் படித்துத் தம் பாத்திரத்தின் பதிலை எழுதுவார். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் எழுதப் போவது மற்றவருக்குத் தெரியாமல், வரி வரியாக எழுதுகிற கதை இது.

தற்செயல் கட்சிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதில் சேர்ந்து வளர்த்தார். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். உலகமும் சிறியது, ஆட்களும் கொஞ்சம். சின்னக் கிராமத்தில் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஒருவர் மீது ஒருவர் இடித்துக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே தற்செயலை நம்பியது நியாயம். கிராமம் பட்டணமாகி, பட்டணம் கண்டங்களான பிறகும் அதே நம்பிக்கையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தால் யார் வருவார்கள்?

நிற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சாராயக் கடைதான் இவர்களுக்குப் புகலிடம். முக்காடிட்ட மர்ம மனிதன் ஒருவன் உள்ளே வருகிறான். இருண்ட மூலையில் போய் உட்காருகிறான். யாராவது வந்து, ஐயா, தங்கள் துயரம் என்ன என்று கேட்க வேண்டுமென்று காத்திருக்கிறான். அடுத்து வருகிறவனும் முக்காடிட்ட மர்ம மனிதன்தான். அவனும் மூலையைத்தான் தேடுகிறான். பத்துப் பேர் மூலையில் உட்கார வேண்டுமென்றால் ஒரு கடையின் நாலு மூலை எப்படிப் போதும்? எல்லாரும் கேட்கப்படக் காத்திருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். போகும்போது, இப்போதெல்லாம் நல்ல கற்பனை உள்ளவர்களே இல்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

தற்செயல் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். பழைய ஆட்களுக்கு லாபம். பத்து வருஷமாக ஒரே சர்வரில் ஆடி, ஐம்பது பேருக்குப் பரிச்சயமாகிவிட்ட பாத்திரம் தெருவில் இறங்கினால் யாராவது கூப்பிடுவார்கள். அவர் அதைத் தற்செயல் என்கிறார். அது தற்செயல் அல்ல, செல்வாக்கு. நாளெல்லாம் விளையாட்டில் கிடக்க வசதியுள்ளவருக்கும் லாபம். பத்து மணி நேரம் வலை விரித்தால் ஒரு மீன் விழாதா? நேற்றுச் சேர்ந்தவளுக்கும், இயல்பிலேயே கூச்சமுள்ளவனுக்கும், வேலை முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ஒரே ஒரு மணி நேரம் மிச்சம் பிடிப்பவளுக்கும் தற்செயல் என்ன தரும்? லண்டனில் குளிர்காலத்து இரவு ஒன்பது மணிக்குக் கடை களைகட்டுகிறது என்றால் சென்னையில் அப்போது விடியற்காலை இரண்டரை மணி. இந்த இருவரும் எந்தத் தெய்வச் செயலால் எதிர்ப்படுவார்கள்? ஒரு நாள் குறித்துக்கொண்டால்தான் எதிர்ப்படுவார்கள். ஏற்பாட்டை இகழ்கிறவர், நேரமில்லாதவரையும் தூரத்தில் இருப்பவரையும் வாசலிலேயே நிறுத்தி விடுகிறார். அதைக் கலைக் கொள்கை என்றும் சொல்லிக்கொள்கிறார்!

இவர்களிடம் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஜெயிக்க நான் விரும்பவில்லை. நாவலில் திட்டம் போடுகிறவன் ஒருவன், படிக்கிறவன் வேறொருவன். ஆகவே ஆசிரியனுக்குத் தெரிந்திருந்தும் வாசகனுக்கு ஆச்சரியம் கெடுவதில்லை. ரோல்பிளேயில் எழுதுகிறவர்களேதாம் வாசகர்கள். மூன்றாவது வாசகன் பெரும்பாலும் கிடையாது. திட்டம் போட்ட அன்றே ஆச்சரியம் செத்துவிடுகிறது; பிணத்தை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது என்பது அந்த வாதம்.

நல்ல வாதம்தான். ஆனால் அது எல்லாவற்றையும் திட்டமிடுவதைத்தான் குத்துகிறது. சந்திப்பைத் திட்டமிடுவதை அது தொடவே இல்லை. சந்திப்பு ஒன்று, சந்திப்பின் விளைவு வேறொன்று. முதலாவதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் இரண்டாவதும் தெரிந்துவிடும் என்று யார் சொன்னார்கள்? பெண் பார்க்க நாள் குறித்து, நேரம் குறித்து, சொந்தக்காரர்களோடு போகிறோம். எல்லாம் ஏற்பாடுதான். அதனால் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து என்ன சொல்லப் போகிறாள் என்பது யாருக்காவது தெரியுமா?

இத்தாலியில் 'கொம்மேதியா தெல் ஆர்த்தே' என்று ஒரு நாடக மரபு இருந்தது. பேச்சை எழுதி வைக்காமல் மேடையிலேயே கற்பித்துப் பேசுகிற கலை அது. தற்செயல் கட்சியார் கொண்டாட வேண்டிய கூட்டம். ஆனால் அவர்கள் வெறுங்கையோடு மேடையேறினார்களா? ஃப்ளாமினியோ ஸ்காலா என்பவர் 1611-ல் அப்படிப்பட்ட 50 நாடகங்களின் கதைக் குறிப்புகளை அச்சிட்டார். யார் எப்போது வருகிறார், எதற்காக வருகிறார், யாரைக் காண்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என்ன வார்த்தை பேசுகிறார் என்பது கிடையாது. வருகை திட்டம், வார்த்தை சுயம். நானூறு வருஷத்துக்கு முன்பே தீர்ந்துபோன வழக்கு இது.

அவ்வளவு தூரம் போவானேன்? மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். வள்ளியாக வருகிறவர் ஓர் ஊர், நாரதராக வருகிறவர் வேறோர் ஊர். அந்த ஓர் இரவுக்காகத் தனித் தனியே ஒப்பந்தமாகி வந்து சேருகிறார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. வள்ளியும் நாரதரும் சந்திக்கப் போகிறார்கள் என்பது நோட்டீஸ் அடித்து ஊருக்கே தெரிந்த சங்கதி. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த பாதையும் அவர்களுக்கு மனப்பாடம். ஆயினும் அந்தத் தர்க்கம் தொடங்கிவிட்டால் இவர் எதைத் தூக்கிப் போடுவார், அவர் எப்படி மடக்குவார் என்பது இருவருக்குமே தெரியாது. ஜனங்கள் தூக்கம் விழித்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். நாள் குறித்ததனால் அங்கே எந்த ஆச்சரியம் செத்துப் போயிற்று? நாள் குறிக்காவிட்டால் அல்லவா நாடகமே இல்லாமற் போயிருக்கும்!

அப்படியானால் எவ்வளவு பேசி வைத்துக்கொள்ளலாம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். போரிலிருந்து ஓடி வந்த சிப்பாய் ஒருவனை நீங்கள் ஆடுகிறீர்கள். இன்னொருவர் மூலிகை விற்கிற ஒரு கிழவியை ஆடுகிறார். முதலாவது, எங்கே, எப்போது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் யாருடைய ஊர்க் கடிகாரப்படி என்பதைச் சேர்த்தே குறியுங்கள். இரண்டாவது, இருவருக்கும் அங்கே வர என்ன காரணம்? அவனுக்குக் காலில் புண், மருந்து வேண்டும். அவளுக்குப் பணமுடை, யார் எவன் என்று கேட்காமல் விற்க வேண்டிய நிலை. இரண்டு தேவைகள் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி அமைந்துவிட்டால் பேச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம். மூலையில் உட்கார்ந்த மர்ம மனிதர்களிடம் இல்லாதது இந்தத் தேவைதான். மூன்றாவது, ஒருவரைப் பற்றி மற்றவருக்கு எவ்வளவு தெரியும்? 'டோட்டல் ஆர்.பி. 3' என்ற துணைக் கருவியில் பாத்திரத்தின் தோற்றத்தையும் சரித்திரத்தையும் எழுதி வைக்கலாம், பிறர் படிக்கலாம். ஆட்டக்காரர் படித்ததைப் பாத்திரம் அறிந்ததாகக் கொண்டு, நீ ஓடி வந்த சிப்பாய்தானே என்று கிழவி எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அதை முன்பே பேசிக்கொண்டால் தீர்ந்தது. நான்காவது, எதைத் தொடக் கூடாது என்பது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கால் மணி நேரப் பேச்சில் இவ்வளவும் அடங்கிவிடும்.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்! கிழவி அவனை மன்னிக்கிறாளா, காட்டிக் கொடுக்கிறாளா என்பதைப் பேசாதீர்கள். அது அந்த மேடைக்குச் சொந்தம். நிறுத்தத் தெரியாத இன்னொரு கூட்டம் இருக்கிறது; அவர்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. பாத்திரங்கள் சந்திப்பதற்கு முன்பே அவர்களுக்குக் காதல், பிரிவு, சமாதானம், மூன்றாம் மாதம் கல்யாணம் என்று அட்டவணை போடுகிறவர்கள் இவர்கள். அப்புறம் அதைத் திரையில் ஒப்புவிக்கிறார்கள். ஒருவர் மட்டும் எழுதுகிற நாவலில்கூட, முதல் அத்தியாயத்தில் போட்ட திட்டத்தைப் பத்தாவது அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் மறுத்துப் பேசினால், கௌரவமான ஆசிரியன் பேனாவை நிறுத்தி அதைக் கேட்பான். இரண்டு உயிருள்ள மனங்கள் கூடியிருக்கிற இடத்தில் அந்த மறுப்புக்கு இடமே வைக்காதவர்கள் ஒரு காரியத்துக்கு இரண்டு பேரை ஏன் வீணடிக்கிறார்கள்? தனியாக உட்கார்ந்து நாவல் எழுதலாமே! தற்செயல்வாதி மற்றவருடைய நேரத்தை மதிப்பதில்லை. அட்டவணைக்காரர் மற்றவருடைய மனத்தை மதிப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி, தொடக் கூடாதவற்றுக்கு வருகிறேன். 1990-ல் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் தொடங்கிய 'லாம்டாமூ' என்ற எழுத்துலகில் 1993-ல் ஒரு சம்பவம் நடந்தது. ஒருவன் ஒரு புரோகிராமின் உதவியால் மற்றவர்களுடைய பாத்திரங்களைக் கைப்பற்றி, அவர்கள் செய்யாத அருவருப்பான காரியங்களை அவர்களே செய்வதுபோலப் பலர் கண்முன் எழுதிக் காட்டினான். எல்லாம் வெறும் எழுத்து. ஆயினும் அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் அடைந்த வேதனை வெறும் எழுத்தாக இருக்கவில்லை. ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் அந்த வருஷமே அதைப் பற்றி எழுதினார். இன்று வரை அது பேசப்படுகிறது.

அவன் அயோக்கியன். முன்கூட்டிப் பேச வேண்டும் என்று விதி இருந்திருந்தாலும் அயோக்கியன் பேசியிருக்க மாட்டான். நான் சொல்ல வருவது அவனுக்கல்ல, நல்லவர்களுக்கு. பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதை அந்தச் சம்பவம் நிரூபித்துவிட்டது. நீங்கள் நல்லெண்ணத்தோடேயே, கதையில் உருக்கம் வேண்டுமென்று, உங்கள் சிப்பாயின் மடியில் ஒரு குழந்தையைச் சாகவைக்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் கிழவியை ஆடுகிறவள் போன வருஷம் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவளாக இருந்தால்? அவள் இந்த விளையாட்டுக்கு வந்ததே ஒரு மணி நேரம் அதை மறந்திருக்கத்தானென்றால்? உங்களுடைய தற்செயல் அவளை எங்கே கொண்டுபோய்த் தள்ளும்? நான் எழுதுகிற நாவல் பிடிக்காவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். எதிரில் ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கும்போது மூடிவிட்டு எழுந்து போவது அவ்வளவு சுலபமல்ல. மரியாதைக்காக உட்கார்ந்திருப்பாள், உள்ளுக்குள்ளே நொறுங்கிப் போவாள். அவளுடைய சொந்தக் கதையை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கில்லை. குழந்தை மரணம் வேண்டாமே என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்கு அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள், போதும். அந்தச் சந்தர்ப்பத்துக்குப் பெயர்தான் முன்னேற்பாடு.

கற்பனைக்கு விலங்கு பூட்டுகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும். எழுத்தாளன் தன் மேஜையில் சர்வாதிகாரி. அங்கே அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது நாற்காலி ஒன்றைப் போட்டு அதில் ஒருவரை உட்காரவைத்த கணமே அந்த அதிகாரம் பாதியாகிவிட்டது. சந்திக்கலாமா, எப்போது, எதைப் பற்றி என்று கேட்பது அந்த மற்றப் பாதிக்குச் செய்கிற மரியாதை. அந்த மரியாதையைச் செய்ய மனமில்லாதவர்கள் தங்கள் சுபாவத்துக்குச் சுதந்திரம் என்றும் கலை என்றும் பெரிய பெரிய பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். சோம்பல் என்றே சொல்லிக்கொள்ளட்டும். அதில் நேர்மையாவது இருக்கும்.