உலாப் படகுக்கு வரவேற்பு! உழைக்கும் பெண்ணுக்குத் தடை!

ஞாயிற்றுக்கிழமை காலை. அடிவாரத்து டீக்கடை. ஏற்காட்டு ஏரியில் படகுச் சவாரிக்குப் போகிறவர்களின் கார்கள் வரிசையாக மலை ஏறிக்கொண்டிருந்தன. ஆலைத் தோழர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தோழர், போன மாசம் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போயிருந்தேன். பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறையே படகில் ஏற்றிக் குருசடைத் தீவுக்குக் கூட்டிப் போகிறது. சர்க்கார் செய்கிற நல்ல காரியம்தானே?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

பாட்டாளி தன் பிள்ளைக்குக் கடலைக் காட்டுவது குற்றமா? இல்லவே இல்லை. ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஏழாவது நாள் சந்தோஷம் அவன் உரிமை. நாம் கேட்பது வேறு. அந்தப் படகு போகும் கடலில் முங்கிப் பிழைத்த பெண்ணின் கதி என்ன?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிய கடலில் மீனவப் பெண்கள் பாசி எடுத்து வந்தார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கி முங்குவார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் மருந்துக்கும் மிட்டாய்க்கும் வேண்டிய அகார் தயாராகிறது. லாபம் கம்பெனிக்கு, பாறை கிழித்த ரணம் இவர்களுக்கு.

1986ல் அங்கே 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவள் குற்றவாளி ஆனாள். பிடிபட்டால் பாசியும் போகும், அபராதமும் விழும். அதே 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் 28வது பிரிவு என்ன சொல்கிறது? சுற்றுலாவுக்கு அனுமதி தரலாமாம்! பார்க்க வருகிறவனுக்குச் சீட்டு. பிழைக்க வருகிறவளுக்கு வழக்கு. இதுதான் இவர்களுடைய நீதி!

"பவளத்தைக் காக்க வேண்டாமா?" என்பார்கள். அவசியம் காக்க வேண்டும். அதை அழித்தது யார் என்றும் சொல்லட்டும். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டிக் கூலிக்காரன் சுமந்தான். பணம் காளவாய் முதலாளியின் பெட்டிக்குப் போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகளே கடலுக்குள் போய்விட்டன. பின்னால் பெப்சி கம்பெனி வந்தது. காப்பாபைகஸ் என்ற அந்நியப் பாசியை இந்தக் கரையோரத்தில் ஒப்பந்தம் போட்டு வளர்க்க வைத்தது. அந்தப் பாசி குருசடைப் பவளத்தின்மேல் படர்ந்துவிட்டதென்று 2008ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். கையால் பாசி பறித்தவள்மீது பாய்ந்த சட்டம் கம்பெனி வாசலுக்குப் போயிற்றா?

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி எடுப்பதில்லை என்று தாங்களே கூடிக் கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களை முன்நின்று திரட்டிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி ஸ்தாபனம் பரிசு கொடுத்துப் பாராட்டியது. கடல் தாண்டி இருப்பவன் கண்ணுக்குத் தெரிந்தது, நம் கோட்டைக்குத் தெரியவில்லை!

அந்தமானில் நார்த் பே கரையில் ஜெட் ஸ்கீ இயந்திரங்கள் வாடகைக்கு ஓடுகின்றன. மன்னார் வளைகுடாவில் இன்று உலாப் படகு. நாளை பணக்கார வாலிபனின் ஜெட் ஸ்கீ வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"கடலோரத்துக் கதை, நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள். இந்தச் சேர்வராயன் மலையில் 1882ஆம் வருஷத்து வனச் சட்டம் விறகு பொறுக்கும் மலைஜனங்களை அந்நியர்களாக்கியது. அங்கே கடல், இங்கே காடு. தடி ஒன்றுதான்.

2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மீன் முதலிய நீர்ப்பொருள்கள்மீதும் உரிமை உண்டென்கிறது. அந்த உரிமையைப் பாசி எடுக்கும் பெண்களுக்குக் கொடு! அவர்கள் வகுத்த கட்டுப்பாட்டையே விதியாக்கு! தீவு நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் கொடு! உலாப் படகின் வருமானத்தில் பங்கு கொடு!

ஆலைத் தோழருக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவையும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். படகில் ஏறுமுன் சின்னப்பாலம் பெண்களைப் பார்த்துப் பேசுங்கள். தீவைப் பற்றி எந்த வழிகாட்டியும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.