பயணப் புள்ளியும் பாக்கி வட்டியும்

ஓசூரில் தொழிற்சாலைப் பணியிலிருக்கும் இளைஞர் ஒருவர், விடுமுறைக்குத் தர்மபுரி வந்திருந்தபோது, அச்சிட்ட விண்ணப்பத்தாள் ஒன்றை நம்மிடம் நீட்டினார். பேருந்து நிலையத்தருகே மேசை போட்டு அமர்ந்திருந்த முகவர் கொடுத்ததாம். அந்தக் கிரெடிட் கார்டை வாங்கிச் செலவு செய்துவந்தால் பயணப் புள்ளிகள் சேரும். புள்ளிகளைக் கொடுத்து விமானச் சீட்டுப் பெறலாம். விமான நிலைய ஓய்வறையில் இலவசமாக உணவருந்தலாம். “அம்மாவை ஒருமுறையாவது விமானத்தில் அழைத்துப்போக வேண்டும், ஐயா” என்றார்.

அந்த ஆசையை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. எனினும், அக்குடும்பத்தார் ஓராண்டில் செய்யும் பயணங்களைத் தாளில் எழுதச் சொன்னோம். ஓசூருக்கும் தர்மபுரிக்குமாக அரசுப் பேருந்து. செப்டம்பர் பெருவிழாவையொட்டி வேளாங்கண்ணி. அதற்கும் பெங்களூரிலிருந்து தர்மபுரி, சேலம், விருத்தாசலம் வழியாக நாகப்பட்டினத்தைத் தொட்டுக் காரைக்கால் செல்லும் ரயில்தான். விமான நிலையமே இல்லாத மாவட்டம் நம்முடையது. எழுதி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார்.

ரயிலுக்கென்றே அட்டைகள் இல்லாமலில்லை. ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனமும் எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனமும் இணைந்து வழங்கும் அட்டை பலரும் அறிந்தது. ஆனால் அதன் பெரிய சலுகை குளிர்சாதன வகுப்புகளுக்கே உரியது. சாதாரணப் படுக்கை வகுப்பிலும் பொதுப் பெட்டியிலும் போகிறவர்களுக்கு அது எட்டாக்கனி. ஆகவே, முதன்முதலாக அட்டை வாங்குகிறவர், அட்டை தரும் பயணம் எது என்று பார்க்குமுன், தாம் போகும் பயணம் எது என்று பார்த்துக்கொள்வது நலம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓர் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றும், 125 ரூபாய்ச் செலவுக்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள ஒரு புள்ளி என்றும் கொள்வோம். வரியை விட்டுவிட்டாலும், கட்டணத்தை ஈடுகட்டவே 62,500 ரூபாய் செலவழித்தாக வேண்டும். இது சிறு இடர்தான். பெரிய இடர் வேறு.

மாத முடிவில் வரும் கணக்குப் பட்டியலில் ‘மொத்தத் தொகை’ என்றும் ‘குறைந்தபட்சத் தொகை’ என்றும் இரண்டு இருக்கும். சிறியதைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்குகிறவர் பலர். மீதிக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 42 விழுக்காடு. நம் கிராமங்களில் கந்துவட்டி என்று முகம் சுளிக்கும் தொகைக்கு இது அதிகம் பிந்தியதன்று. 10,000 ரூபாய் ஒரு மாதம் நின்றால் வட்டி 350, அதன்மேல் 18 விழுக்காடு வரி 63, ஆக 413 ரூபாய். மேற்கண்ட கணக்கின்படி, 51,000 ரூபாய்க்கு மேல் செலவழித்துச் சேர்த்த புள்ளிகள் அந்த ஒரே மாதத்தில் கரைந்துபோகும். பாக்கி நிற்கும் வரையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணை கிடையாது. இயந்திரத்தில் பணமாக எடுத்தாலோ முதல் நாளிலிருந்தே வட்டி. 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆதலின் வட்டியின் உயரத்திலிருந்து நம்மைக் காக்க நம் கையிருப்பே உண்டு.

அட்டையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கெடு தவறாமல் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு நல்ல கடன் பதிவு உருவாகிறது. பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கையில் அது பேசும். ஆண்டுக் கட்டணமில்லாத அட்டை முதல் அட்டைக்குப் போதும். சம்பளச் சீட்டில்லாத விவசாயிகளும் சிறுகடைக்காரர்களும் வங்கியில் நிலையான வைப்பு வைத்து, அதன் பேரில் அட்டை கேட்கலாம்.

இன்னொன்று. கேளாமலே அட்டையை அனுப்பிக் கட்டணம் விதித்தால், அதைத் திருப்பித் தருவதோடு, அதன் இருமடங்கை அபராதமாகவும் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. பாக்கியில்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குச் சேரும். முகவர்கள் இதைச் சொல்வதில்லை.

இளைஞர் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய்த் தொடர் வைப்புக் கணக்கொன்றைத் தம் தாயார் பெயரில் தொடங்கியதாகச் சொன்னார். பெங்களூரிலிருந்து சென்னைக்கு விமானக் கட்டணம் எவ்வளவு என்று அந்த அம்மையார் இப்போது பார்ப்பவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.